உஷார்! உப்பை எடுக்கப்போய்ச் செம்பைக் கரைத்துவிடாதீர்கள்

பெரும்பாக்கம், மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், ஜல்லடியன்பேட்டை பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஓர் அவசரச் செய்தி. வீட்டுக்கு வாட்டர் சாஃப்ட்னர் போட முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் மீதிப் பணத்தைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். இன்னும் கொடுக்கவில்லை என்றால் நல்லதாகப் போயிற்று. கீசரில் உப்புப் படிகிறது, தலைமுடி கொட்டுகிறது, ஷவரில் பாதி ஓட்டை அடைந்துவிட்டது என்ற கவலையெல்லாம் நியாயம்தான். ஆனால் அதற்கு மருந்து என்று வீட்டு வாசலில் வந்து விற்கப்படுபவற்றில் சில, உப்பைவிட வேகமாக உங்கள் கீசரையும் குழாயையும் தின்றுவிடும். நாலைந்து வருஷம் உழைக்க வேண்டிய சாமான் அதற்கு முன்பே ஒழுகும். ஒழுகினால் பரவாயில்லை, ஷாக் அடித்தால்?

“செம்பா? எங்கள் வீட்டில் எல்லாமே சி.பி.வி.சி. குழாய்தானே” என்பீர்கள். உண்மைதான். மேலைநாட்டு வீடுகளைப்போல நம் சுவர்களுக்குள் செம்புக் குழாய் ஓடுவதில்லை. இங்கே செம்பு ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. கீசரைத் திறந்தால் உள்ளே சுருண்டு கிடக்கிறதே, அந்தக் காயிலின் மேலுறை பெரும்பாலும் செம்புதான். கேஸ் கீசரில் தண்ணீர் சூடாவதே செம்புச் சுருளுக்குள்ளேதான். மொட்டைமாடியில் தட்டையான கண்ணாடிப் பெட்டி மாதிரி சோலார் ஹீட்டர் இருந்தால், அந்தக் கண்ணாடிக்கு அடியில் வரிசையாக ஓடுவதும் செம்புக் குழாய்கள். பித்தளைக் குழாய், ஆங்கிள் காக், கீசருக்குப் போகும் இணைப்பின் நட்டு, எல்லாம் செம்பும் துத்தநாகமும் கலந்தவை. கீசர் இல்லாத வீடும் இதற்குத் தப்பாது. வாளியில் முக்கிவைக்கும் ஹீட்டர் ராடு இருக்கிறதல்லவா, அதுவும் பெரும்பாலும் செம்புக் குழாய்தான், மேலே நிக்கல் பூச்சு. பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பின் எட்டு மாடிக் கட்டடங்களிலும் கோடி ரூபாய் அடுக்ககங்களிலும் காலையில் வெந்நீர் போடுகிற உலோகம் ஒன்றேதான்.

முதலில் இந்த ஊர்த் தண்ணீர். கீழே பல்லாவரத்துக் கருங்கல், மேலே சதுப்பு நிலக் களிமண், கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல். இப்படிப்பட்ட நிலத்தில் ஆழமாகப் போர் போட்டால் சுண்ணாம்பும் மெக்னீசியமும் உவர்ப்பும் சேர்ந்துதான் மேலே வரும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது; வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. நம் பக்கத்துப் போர்களில் இந்த இரண்டாவது எண்ணை எட்டிப் பார்ப்பவை உண்டு.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. இங்கே தண்ணீர் ஒரே தண்ணீர் இல்லை. ஏப்ரல் மேயில் சம்ப்பில் கொட்டுவது லாரித் தண்ணீர். அந்த லாரி இன்று ஒரு விவசாயக் கிணற்றிலிருந்து வந்திருக்கும், நாளை வேறொரு போரிலிருந்து. மழைக்காலத்தில் சொந்தப் போர் ஓரளவு தேறும். இணைப்பு கிடைத்த தெருக்களில் மெட்ரோ தண்ணீர். ஆகவே “உங்க ஏரியா தண்ணி 450 சார், அதுக்கு ஏத்த மாதிரி மெஷின்ல செட் பண்ணிட்டேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால் அது அன்றைய லாரிக்குத்தான் பொருந்தும்.

இனி, சாஃப்ட்னர் விற்க வருகிறவர் காட்டும் வித்தை. தென்சென்னை முழுக்க வீடு வீடாக நடக்கிறது, நீங்களும் பார்த்திருக்கலாம். டைனிங் டேபிளில் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். ஒரு சின்னக் கருவி, அதன் அடியில் நாலு கம்பி. இரண்டு கம்பி ஒரு டம்ளரில், இரண்டு கம்பி மற்றதில். பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டதும் உங்கள் டம்ளரில் முதலில் பச்சையாக நூல் நூலாகக் கிளம்பும். அரை நிமிஷத்தில் பழுப்பு. ஒரு நிமிஷத்தில் சாக்கடைக் குழம்பு. அவர் டம்ளர் மட்டும் பளிங்கு மாதிரி நிற்கும்.

“மேடம், இதத்தான் தினமும் குழந்தைக்கு ஊத்திக் குளிப்பாட்டறீங்க.”

“அத்தை, இங்க வந்து பாருங்களேன்!”

அத்தை வந்து பார்த்தார். பழைய கால ஆள். குழம்பைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்த்தார். “ஏம்பா, அந்தக் கம்பி மட்டும் ஏன் அரிச்சுப் போயிருக்கு?”

அவ்வளவுதான் விஷயம். அந்தக் குழம்பு உங்கள் தண்ணீரில் இருந்தது இல்லை. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாக மாறி மிதக்கிறது. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும், ஆர்.ஓ. தண்ணீரில் அவ்வளவாகப் பாயாது. சோதித்துப் பார்க்க வேண்டுமா? அவருடைய பளிங்கு டம்ளரில் சமையல் உப்பு ஒரு சிட்டிகை போட்டுவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போடச் சொல்லுங்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இரண்டாவது வித்தை டி.டி.எஸ். மீட்டர். பேனா மாதிரி இருக்கும், முக்கினால் எண் காட்டும். அது தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று மின்கடத்தலை வைத்து உத்தேசமாகச் சொல்கிறது. கடினத்தன்மை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. சாஃப்ட்னர் போட்ட பிறகு டி.டி.எஸ். குறைந்ததாக ஒருவர் காட்டினால், ஒன்று அது சாஃப்ட்னர் இல்லை, அல்லது அவர் வேறு தண்ணீரை அளக்கிறார். ஏனென்றால் நிஜமான சாஃப்ட்னர் உப்பை எடுப்பதில்லை, மாற்றிப்போடுகிறது. உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். டி.டி.எஸ். கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஒரு சிறிது ஏறவும் செய்யும்.

குழாயின் மேல் காந்தத்தைக் கட்டிவிட்டு “உப்பே இல்லாத சாஃப்ட்னர்” என்று சொல்பவர்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கால்சியம் எங்கும் போவதில்லை. பணம் போகும்.

சரி, நிஜமான சாஃப்ட்னர் செம்பைத் தின்னுமா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மென்மையான தண்ணீர் பசியுள்ள தண்ணீர், உலோகத்தைக் கடித்துவிடும் என்பது ஒரு கட்சி. சுண்ணாம்புப் படலம்தான் குழாய்க்குக் கவசம், அதை எடுத்தால் குழாய் போச்சு என்பது அதன் கிளை. இதில் பாதிதான் உண்மை. சுண்ணாம்பு படியுமா கரையுமா என்று கணக்கிட 1936இல் கலிஃபோர்னியாப் பேராசிரியர் லேஞ்சலியர் ஒரு குறியீடு வகுத்தார். இன்றைக்கும் விற்பனைத் தாள்களில் அது அடிபடுகிறது. ஆனால் அது சுண்ணாம்பின் போக்கைச் சொல்லும் கணக்கு, செம்பின் போக்கைச் சொல்வது இல்லை. செம்பு தன் கவசத்தைத் தானே போட்டுக்கொள்ளும். புதுச் செம்பு சில வாரங்களில் மங்கிப் பழுப்பாகிறதே, அந்த மங்கல்தான் கவசம். அது நிலைக்குமா கரையுமா என்பதைத் தீர்மானிப்பவை முக்கியமாகத் தண்ணீரின் பி.எச்., அதன் காரத்தன்மை, குளோரைடு, கரைந்துள்ள கரியமில வாயு ஆகியவை. கால்சியத்துக்கு அதில் பெரிய பங்கில்லை.

வீட்டுப் பெண்களுக்கு இது புதிதே இல்லை. கறுத்த செம்புக் குடத்தில் புளியைத் தேய்த்தால் ஒரு நொடியில் செக்கச் சிவக்கிறது. கவசத்தைப் புளியின் அமிலம் கரைத்துவிட்டது. அமிலம் ஏறிய தண்ணீர் கீசருக்குள்ளே செய்வதும் அதே வேலைதான், ஆனால் ஓய்வில்லாமல், வருஷம் முழுக்க.

ரெசின் சாஃப்ட்னர் பி.எச்.சையும் காரத்தன்மையையும் தொடுவதில்லை. ஆகவே ஒழுங்காகப் போட்டு ஒழுங்காக ஓட்டினால் அது செம்புக்கு எதிரி இல்லை. சொல்லப்போனால், எதையும் செய்யாத போர்த் தண்ணீரே சில சமயம் செம்பைக் கரைக்கும். ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருந்து பி.எச். ஏழுக்குச் சற்று மேலே மட்டும் நின்றால், செம்பு மெல்லக் கரையத் தொடங்கும். பி.எச். 7.4க்குக் கீழே போனால் செம்புக் குழாய் போடுவதற்கு ஜெர்மானியர்கள் தரநிலையிலேயே நிபந்தனை வைத்திருக்கிறார்கள். உங்கள் போரின் பி.எச். என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. டி.டி.எஸ். மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

அப்படியானால் எதற்கு இந்த உஷார்? மூன்று காரணம். மூன்றும் உப்பெடுப்பது என்ற பெயரிலேயே வீட்டுக்குள் வருகின்றன.

பெரிய ஆபத்து, வீடு முழுக்க ஆர்.ஓ. “சாஃப்ட்னர் எல்லாம் பழசு சார், ஹோல் ஹவுஸ் ஆர்.ஓ. போட்டுடுங்க, குளிக்கிற தண்ணியும் மினரல் வாட்டர்.” கேட்க இனிக்கிறது. ஆனால் ஆர்.ஓ. சவ்வு கால்சியத்தோடு காரத்தன்மையையும் அள்ளி வெளியே தள்ளுகிறது. கரியமில வாயுவை மட்டும் தடுப்பதில்லை. விளைவு, வெளியே வரும் தண்ணீரின் பி.எச். ஆறுக்குப் பக்கம் இறங்கிவிடும். தாங்கிப் பிடிக்க உள்ளே ஒன்றுமில்லாத வெறுந்தண்ணீர் அது. சமையலறையில் பிளாஸ்டிக் தொட்டியில் நின்று எவர்சில்வர் குடத்தில் விழும்வரை பாதகமில்லை. அதையே கீசருக்கும் சோலார் பேனலுக்கும் பித்தளைக் குழாய்க்கும் அனுப்பினால் காயில் உறை மெலியும், பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்று உலோகம் சல்லடையாகும். சில மாதத்தில் வாஷ்பேசினில் குழாய்க்கு நேர்கீழே நீலமும் பச்சையுமாக ஒரு கறை தெரியத் தொடங்கும். பீங்கான் கறை என்று ஆசிட் போட்டுத் தேய்க்காதீர்கள். அது உங்கள் கீசரும் குழாயும் கரைந்து வந்து படிந்த களிம்பு.

பெரிய அளவில் என்ன நடக்கும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்ற நகரம். 2014 ஏப்ரலில் செலவை மிச்சம் பிடிக்க, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிய தண்ணீரை நிறுத்திவிட்டு உள்ளூர் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். அதில் குளோரைடு அதிகம். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய பாஸ்பேட் மருந்தைச் சேர்க்கவில்லை. ஆறே மாதத்தில், அந்த அக்டோபரில், ஊரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின் தொழிற்சாலை, எங்கள் என்ஜின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன, இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று விலகிக்கொண்டது. மக்கள் மேலும் ஒரு வருஷம் அதையே குடித்தார்கள். பழைய ஈயக் குழாய்களின் உட்படலம் கரைந்து ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது. நம் வீட்டில் ஈயக் குழாய் இல்லை, நிம்மதி. ஆனால் தண்ணீரின் இயல்பை மாற்றும்போது குழாயையும் யோசிக்க வேண்டும் என்ற பாடம் செம்புக்கும் பித்தளைக்கும் அப்படியே பொருந்தும்.

இதைச் சரியாகச் செய்வது எப்படி என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. நெம்மேலியில் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல் வந்தது; 15 கோடி லிட்டருக்கான இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தென் புறநகர்கள் பலவற்றுக்குத் தண்ணீர் தருவதற்கென்றே கட்டியவை. கடல்நீர் ஆலைகளும் ஆர்.ஓ. சவ்வு ஆலைகள்தான். ஆனால் உலகெங்கும் இத்தகைய ஆலைகளில், சவ்வைத் தாண்டிய தண்ணீரில் சுண்ணாம்போ சுண்ணாம்புக்கல்லோ சேர்த்து உயிர்கொடுத்த பிறகே குழாயில் விடுவது நடைமுறை. உப்பை எடுக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் திருப்பிப் போடவும் தெரிந்திருக்கிறார்கள். அடுக்ககத்தின் மாடியில் பொருத்தப்படும் ஆர்.ஓ. பிளாண்டில் அந்தக் கடைசிப் படி இருக்கிறதா? கேளுங்கள். கால்சைட் நிரப்பிய ஒரு சிலிண்டர் வழியாகத் தண்ணீரை விட்டாலே போதும். விலைப்பட்டியலில் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சம்ப்புக்கு மெட்ரோ தண்ணீர் ஒழுங்காக வருகிறது என்றால் முதலில் அதை அளந்து பாருங்கள். சாஃப்ட்னருக்கு வேலையே இல்லாமல் போகலாம்.

இரண்டாவது ஆபத்து ஆசிட். கீசர் சர்வீஸுக்கு வருகிறவர் காயிலைக் கழற்றி, பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஒரு மக்கில் ஊற்றி அதில் முக்குவார். புஸ்ஸென்று நுரை பொங்கும், உப்பு கரையும், நமக்கும் பார்க்கத் திருப்தியாக இருக்கும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பைக் கரைத்த கையோடு காயிலின் மேற்பரப்பையும் பொத்தல் பொத்தலாக அரிக்கும், தொட்டியின் எனாமல் விரிசலுக்குள் புகுந்து இரும்பைத் தின்னும், ஹீட்டர் ராடின் நிக்கல் பூச்சைக் கொண்டுபோகும். உறை விரிசல் விட்டால் உள்ளேயிருக்கும் மின்கம்பிச் சுருளில் தண்ணீர் படும். அதன் பிறகு வாளித் தண்ணீரில் மின்சாரம். ராடு போட்ட வாளியில் கைவிட்டு மாண்டவர்களைப் பற்றிய செய்தியைக் குளிர்காலத்தில் நாம் படித்திருக்கிறோம். அதே பாத்ரூமில் யாராவது ப்ளீச்சிங் பவுடரும் போட்டிருந்தால் ஆசிட்டோடு சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். உப்பெடுக்கச் சிட்ரிக் ஆசிட் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கழற்றிய காயிலை ஊறப்போட்டு, நன்றாக அலசி மாட்டச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். ராடைச் சுத்தம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, நல்ல சாஃப்ட்னரையே கெட்டவிதமாக ஓட்டுவது. ரெசின் நிறைந்ததும் அதை உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். ஒரு கணக்குப் பாருங்கள். நாலு பேர் வீடு, தினம் 500 லிட்டர், கடினத்தன்மை 500 என்றால் ஒரு நாளில் 250 கிராம் சுண்ணாம்பு. 25 லிட்டர் ரெசின் கொண்ட சாதனம் சுமார் அஞ்சு நாளில் நிரம்பிவிடும். ஒவ்வொரு கழுவலுக்கும் மூன்று கிலோ வரை உப்பு. கழுவியதும் நல்ல தண்ணீரால் அலச வேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாட்டில், “இவ்வளவு தண்ணி வேஸ்ட்டாகுதே” என்று அலசும் நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். அப்போது மிச்ச உப்புக்கரைசல் நேரே வீட்டுக் குழாய்க்குள் போகிறது. அந்தக் குளோரைடுக்கு எவர்சில்வரே தாங்காது, செம்பிலும் பித்தளையிலும் ஊசித்துளை போடும். கழுவல் முடிந்ததும் முதலில் வரும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அலசல் போதவில்லை.

அந்தக் கழிவு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அடுக்ககத்தில் எஸ்.டி.பி. என்கிற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து தோட்டத்துக்கு. சோடியம் ஏறிய தண்ணீர் பாய்ந்தால் மண் இறுகி நீர் இறங்காது. ஆறு மாதத்தில் புல்தரை மஞ்சளடிக்கும், பழி தோட்டக்காரர் மேல் விழும். பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் மழைநீர்க் கால்வாய்க்குப் போகிறது. இந்தப் பக்கத்துக் கால்வாய்கள் எல்லாம் கடைசியில் சேருமிடம் பள்ளிக்கரணை. 2022இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலத்துக்கு நம் பங்காக மாதம் இருபது கிலோ உப்பு.

உடம்பு விஷயத்தையும் பார்த்துவிடுவோம். சாஃப்ட்னர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும்தான், குடிக்க வேண்டாம். கடினத்தன்மையில் 100 மில்லிகிராமை எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். 500ஐ முழுக்க எடுத்தால் லிட்டருக்கு 230. ரத்தக் கொதிப்புக்காரர் இருக்கிற வீட்டில் சமையலறைக் குழாயைத் தனியாக விட்டுவிடுங்கள், அல்லது அதன்பின் ஆர்.ஓ. வைத்துக் குடியுங்கள். செம்புக்கு ஐ.எஸ். 10500 வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5. சாதாரணத் தண்ணீரைச் செம்புக் குடத்தில் ஓரிரவு வைத்தால் கரைவது பெரும்பாலும் இந்த மேல் எல்லைக்குள்தான் நிற்கும். பி.எச். இறங்கிய ஆர்.ஓ. தண்ணீருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. மோரும் எலுமிச்சைச் சாறும் செம்பில் கூடவே கூடாது. பாலில் ஊறிய செம்பு என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே கொடுமையான சாட்சி உண்டு. குழந்தைகள் கல்லீரல் சுருங்கி இறந்துபோன நோய்க்கு, வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பால் காரணமாக இருக்கலாம் என்று புனே மருத்துவர்கள் இடம்பெற்ற ஓர் ஆய்வுக் குழு 1983இல் லான்செட் இதழில் எழுதியது. பாத்திரம் மாற மாற அந்த நோயும் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. ஆகவே கீசர் வெந்நீரைப் பிடித்துக் குழந்தைக்குப் பால் கரைக்காதீர்கள். காலையில் முதலில் குழாயில் வருவதைச் செடிக்கு விட்டுவிடுங்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது? என் தீர்ப்பு இது: எடுங்கள், முழுக்க எடுக்காதீர்கள். பூஜ்யம் கடினத்தன்மை என்று பெருமையடிப்பவரிடம் வாங்காதீர்கள். பூஜ்யமான தண்ணீரில் கீசருக்குள் தொங்கும் மெக்னீசியம் கம்பி சீக்கிரம் கரைந்துவிடும். தொட்டிக்குப் பதிலாகத் தானே கரைவதற்காக வைத்த காவல் கம்பி அது. அது தீர்ந்ததும் அரிப்பு தொட்டியின் மேல் பாயும். 75லிருந்து 150 வரை மிச்சம் வையுங்கள். சாதனத்திலேயே மிக்ஸிங் வால்வு இருக்கும், இல்லாவிட்டால் பிளம்பர் ஒரு பைபாஸ் போட்டுத் தருவார். 600 உள்ள தண்ணீரில் ஒரு பங்கை அப்படியே விட்டு, மென்மையாக்கிய தண்ணீர் நாலு பங்கு கலந்தால் 120. கணக்கு அவ்வளவு சுலபம். உப்பும் மிச்சம், ரெசினும் நீடிக்கும். லாரி மாறும்போது அளக்க, சோப்புக் கரைசல் சொட்டும் கடினத்தன்மைக் கிட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கீசரின் சூட்டை முழுக்கத் திருகிவைக்காதீர்கள். 60 டிகிரிக்கு மேலே போகப் போகச் சுண்ணாம்பு படிவது கூடும். வருஷத்துக்கு ஒருமுறை அந்த மெக்னீசியம் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்வீஸுக்கு வருகிற பலர் கேட்டால்தான் பார்க்கிறார்கள். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால், சாஃப்ட்னருக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

சாஃப்ட்னருக்கு வசதியில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. துணி துவைக்க மட்டும் என்றால் சலவைச் சோடா போதும். ஒரு வாளிக்கு ஒன்றரை டீஸ்பூன் போட்டுக் கலக்கி அரைமணி விட்டால் சுண்ணாம்பு அடியில் படியும், மேல்தண்ணீரில் சோப்பு நுரைக்கும். உவர்மண்ணை வைத்துத் துவைத்தவர்கள் இதை நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள். அந்தத் தண்ணீர் காரமானது, உடம்புக்கு வேண்டாம். இன்னொரு வழி தலைக்கு மேலேயே இருக்கிறது. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பெரும்பாலான கட்டடங்களில் அந்தக் குழாய் மண்ணுக்குள் இறங்கிக் கணக்குக் காட்டுகிறது. வடிகட்டிச் சம்ப்பில் விட்டுப் போர்த் தண்ணீரோடு கலந்தால் கடினத்தன்மை தானாக இறங்கும். மழைநீரைத் தனியாகக் கீசரில் விடாதீர்கள், அதுவும் ஆர்.ஓ. மாதிரி வெறுந்தண்ணீர்தான். கலந்தால் இரண்டின் குறையும் தீரும். ஐப்பசி கார்த்திகை முழுக்கச் சாஃப்ட்னருக்கு விடுமுறை.

கடைசியாக, இந்த வாரமே செய்யவேண்டியது. சம்ப்பிலிருந்து சுத்தமான பாட்டிலில் இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலோ கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். விற்கிறவர் செய்துதரும் இலவசச் சோதனையை நம்ப வேண்டாம். கோடையில் லாரித் தண்ணீரை ஒருமுறை, மழைக்குப் பிறகு போர்த் தண்ணீரை ஒருமுறை சோதியுங்கள். கடினத்தன்மை, பி.எச்., காரத்தன்மை, குளோரைடு, இரும்பு ஆகிய ஐந்தும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாளைப் பார்த்து, எவ்வளவு மிச்சம் வைக்கப்போகிறேன், கழிவை எங்கே விடப்போகிறேன் என்று எழுதிக் கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு மட்டும் முன்பணம் கொடுங்கள்.